மூன்று வீரர்கள், இரண்டு கையெழுத்து

சிறை, புதுக்கோட்டை
15-02-2025

அன்புள்ள ஆனந்தராஜ் அண்ணனுக்கு, சித்தப்பா மகன் சிவசாமி எழுதுவது.

இங்கே நான் சுகம். சளி மட்டும் விடவில்லை. பெரியப்பாவின் முழங்கால் வலியும் பெரியம்மாவின் சர்க்கரையும் இப்போது எப்படி இருக்கின்றன?

நல்ல செய்தி. புதன்கிழமை எனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டு பேர் கோர்ட்டுக்கு வந்து எனக்காக ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தப் பெயரில் வீட்டு வரி ரசீதும், வி.ஏ.ஓ. சான்றும் இருந்தால் போதும். அரை நாள் வேலை என்கிறார்கள். அம்மாவால் முடியாது, எங்கள் வீடு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. நீங்கள், அடைக்கலம், அய்யாக்கண்ணு என்று பங்காளிகள் மூன்று பேர் இருக்கிறீர்கள். தேவை இரண்டு. யார் அந்த இரண்டு பேர் என்று உங்களுக்குள் தகராறு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மஞ்சுவிரட்டுத் திடலில் பெரியகருப்பனின் காலை உடைத்த கம்பி யார் கையில் இருந்தது என்பதை இதில் எழுதமாட்டேன். கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். போலீஸ் வந்து கேட்டபோது நாம் நால்வரும் நின்றோம். உங்களுக்கு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு இருந்தது. அடைக்கலத்துக்குப் பரிசம் போட்டிருந்தது. அய்யாக்கண்ணுவுக்கு சிங்கப்பூர் போவதற்குப் பாஸ்போர்ட் விசாரணை இருந்தது. எனக்கு இருந்தது குட்டி யானை லோடு வண்டி ஒன்று. ஆகவே நான் முன்னால் வந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சூப்பர் ஹீரோக்கள் கூட்டணி சேரும் படம் எது வந்தாலும் நால்வரும் முதல் நாளே பார்த்திருக்கிறோம். எல்லாவற்றிலும் இதுதானே நடக்கும்? ஒருவன் விழுவான், மற்றவர்கள் வருவார்கள்.

மாதக் கடைசியில் அடுத்த படம் வருகிறது. அதற்குள் நான் வெளியே வந்துவிட்டால் சேர்ந்து போகலாம். இல்லையென்றால் நீங்கள் வாட்ஸ்அப்பில் போடுவதுபோல பலம், பலவீனம் என்று பிரித்து எனக்கும் எழுதுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம்.
தம்பி சிவசாமி


நெடுங்கரைப்பட்டி
பொன்னமராவதி வட்டம்
04-03-2025

அன்புத் தம்பி சிவசாமிக்கு,

இங்கு அனைவரும் நலம். அப்பாவின் முழங்காலுக்குப் பொன்னமராவதியில் ஒரு தைலம் வாங்கியிருக்கிறோம். சளிக்கு வெந்நீர் குடி. அங்கே கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுக் குடி.

நீ கேட்டபடி எழுதுகிறேன். கேட்டதைச் செய்யாமல் விடுவது என் வழக்கமில்லை.

படத்தில் நான்கு பேர். சுவரை உடைப்பவன், நிழலாக மாறுபவன், காற்றை நிறுத்துபவள், பிறகு எந்தச் சக்தியும் இல்லாமல் வண்டி மட்டும் ஓட்டுபவன்.

பலம்: சந்திப்பு. தனித்தனிப் படங்களில் தனித்தனியாகப் பெருமை பேசியவர்கள் ஓர் அறையில் கூடுகிறார்கள். உலகம் அழியப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று சண்டை ஆரம்பிக்கிறது. மனித சுபாவத்தை இவ்வளவு நேர்மையாக நம் குடும்பப் படங்கள்கூடக் காட்டுவதில்லை.

பலவீனம்: அறிமுகம். ஆளுக்குப் பத்து நிமிட மெதுநடை, நால்வருக்கு நாற்பது நிமிடம். வில்லனுக்கு மிஞ்சியது எட்டு நிமிடம். உலகத்தை எதற்காக அழிக்கிறோம் என்று யோசிக்க அவனுக்கு அவகாசமே தரவில்லை. ஒரு கடமையாக அழிக்கிறான்.

வண்டி ஓட்டுபவன் கடைசியில் இறந்துவிடுகிறான். தியேட்டரே அழுதது. அய்யாக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்ததை நான் பார்த்தேன். சக்தி இல்லாதவனைக் குழுவில் எதற்கு வைக்கிறார்கள் என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். இப்போது தெளிந்துவிட்டது. ஒருவர் இறந்தால்தான் மற்றவர்களுக்குக் கோபம் வரும். சுவரை உடைப்பவனைக் கொன்றுவிட்டால் அடுத்த பாகத்தில் சுவரை யார் உடைப்பது? கதாசிரியரின் நிலையிலிருந்து பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

உன் குட்டி யானையில்தான் போனோம். நன்றாக ஓடுகிறது. இடைவேளையில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. தியேட்டரிலிருந்து சிறைக்குப் பத்து நிமிட நடைதான் என்று அடைக்கலம் சொன்னான். மூவரும் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடித்தோம். பிறகு படம் போட்டுவிட்டார்கள்.

ஜாமீன் விஷயம் நினைவில் இருக்கிறது. வி.ஏ.ஓ. விடுப்பில் இருக்கிறார்.

ஆசிகளுடன்,
ஆனந்தராஜ்


சிறை, புதுக்கோட்டை
14-03-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, மாத்திரை தருகிறார்கள். தைலத்தில் பெரியப்பாவுக்குக் குணம் தெரிகிறதா?

உங்கள் கடிதத்தை என்னோடு இருந்த மரியசெல்வம் படிக்கச் சொல்லிக் கேட்டார். கோட்டைப்பட்டினத்துக்காரர், வலையை அறுத்த தகராறில் உள்ளே வந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒங்க அண்ணன் நல்லாத்தான் எழுதுறாரு தம்பி. ஆனா கடைசி ஒரு வரிதான் ஒனக்கு. மத்ததெல்லாம் ஊருக்கு" என்றார். எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு ஜாமீன் கிடைத்தது திங்கள்கிழமை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றுக்கெல்லாம் இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவர் மைத்துனர். இன்னொருவர், இவர் யாருடைய வலையை அறுத்தாரோ அந்த ஆளின் சித்தப்பா. கடற்கரைக்காரர்கள் எல்லாவற்றிலும் அவசரக்காரர்கள்போல.

அம்மா நேற்று மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தார். வி.ஏ.ஓ. ஆபீசில் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்தாராம். உங்களிடம் சொன்னதற்கு, "சின்னம்மா, பதறாதீங்க. நாங்க மூணு பேரும் கூடிப் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றீர்களாம். "பேசுறதுக்கு என்னடா இருக்கு? பேனா இருந்தாப் போதாதா?" என்று என்னைக் கேட்கிறார். நான் என்ன சொல்வது?

இங்கே வாரம் ஒருமுறை சட்ட உதவி வக்கீல் ஒருவர் வருகிறார். இலவசம்தான். ஆள் ஜாமீன் இல்லாமலே விடச் சொல்லி மனுப் போடலாம் என்கிறார்கள். அவரிடம் கேட்கட்டுமா?

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.
சிவசாமி


நெடுங்கரைப்பட்டி
05-04-2025

அன்புத் தம்பிக்கு,

நலமே. நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதே. அப்பாவுக்கு வலி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறியிருக்கிறது. இதை முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

வெளி வக்கீல் வேண்டாம். இந்தப் படங்களின் இரண்டாம் பாகத்தில் குழுவில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பார்கள். துரோகி எப்போதும் அவர்தான். நம் விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

வி.ஏ.ஓ. வந்துவிட்டார். ஆனால் நாளை ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. நாங்கள் மூவரும் கட்டிக்கொள்கிறோம். இருபதாம் தேதி தேர் முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உனக்கும் தெரியும். போன வருஷம் நீயும் கட்டியவன். இந்த வருஷம் நாங்கள் கட்டுவதே உனக்காகத்தான். நீ சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

கூட்டணிப் படங்களைக் குறை சொல்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு வீரனின் தனிப்படத்தில் அவன் ஊரே பற்றி எரிகிறதே, மற்ற வீரர்கள் அப்போது எங்கே போனார்கள்? இதை ஒரு பெரிய பலவீனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரவருக்கு அவரவர் படம் இருக்கிறது. அய்யாக்கண்ணுவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடைக்கலத்துக்கு வைகாசியில் முகூர்த்தம். என் சான்றிதழ் சரிபார்ப்பும் நல்லபடியாக முடிந்தது. வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் அறிக்கை போய்விட்டது.

அம்மன் துணை.
ஆனந்தராஜ்


சிறை, புதுக்கோட்டை
09-04-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வேலை கிடைக்கப்போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

காப்புக் கட்டியவர்களை வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அம்மன் காரியம். இருபத்தொன்றாம் தேதி திங்கள்கிழமை, கோர்ட் உண்டு. அன்று வந்தால் சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிடுவார்கள். வக்கீலிடம் நான் பேசவில்லை.

அம்மாவிடம் திங்கள்கிழமை என்று சொல்லிவிடுங்கள். கறி எடுக்க வேண்டும் என்பார்.
சிவசாமி


நெடுங்கரைப்பட்டி
25-04-2025

அன்புத் தம்பிக்கு,

யாவரும் நலம். தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். நட்சத்திரம் யாருக்கும் நினைவில்லாததால் அம்மன் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டோம்.

இரண்டு பாகத்தையும் ஒரே மூச்சில் எடுத்திருந்தார்களாம், ஆறே வாரத்தில் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. சித்திரை முதல் நாள் விடுமுறைக் கூட்டம். புதுக்கோட்டைத் தியேட்டரில் முன்வரிசைதான் கிடைத்தது, கழுத்து இன்னும் வலிக்கிறது.

பலம்: கடைசிச் சண்டைக்கு முன் அத்தனை பேரும் நாலு திசையிலிருந்தும் வந்து ஒரே வரிசையில் நிற்கும் காட்சி. எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அடைக்கலம் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தான். சொன்ன வாக்குக்காக ஒருவன் எங்கிருந்தாலும் வருவான் என்பதை நம்ப மனிதனுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. டிக்கெட் விற்பது அந்த ஆசைதான்.

பலவீனம்: செத்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். சாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆனால் வண்டி ஓட்டியவன் மட்டும் வரவில்லை. அவன் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மூவரும் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். நாலு வினாடிதான். மனத்தைத் தொட்டது.

திங்கள்கிழமை வர இயலவில்லை. அடைக்கலத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று. மாப்பிள்ளையும் மாப்பிள்ளைத் தோழனும் கல்யாணம் முடியும்வரை கோர்ட் வாசலை மிதிக்கக் கூடாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். தோழன் நான். அய்யாக்கண்ணு தனியாக வந்தும் பயனில்லை. தேவை இரண்டு என்று நீயே எழுதியிருந்தாய்.

ஆசிகளுடன்,
ஆனந்தராஜ்


சிறை, புதுக்கோட்டை
03-05-2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

சித்திரை முதல் நாள் என்பது ஏப்ரல் பதினான்கு. நீங்கள் காப்பை அவிழ்த்தது இருபது. இங்கே சுவரில் ஒரு காலண்டர் இருக்கிறது. அதில் வேறு ஏதும் பார்ப்பதற்கில்லாததால் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். கையில் காப்போடு ஊர் எல்லையைத் தாண்டாமல் புதுக்கோட்டைத் தியேட்டரில் எப்படி உட்கார்ந்தீர்கள்?

இருபத்தொன்றாம் தேதி காலை ஏழு மணியிலிருந்து துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆள் எண்ண வந்த வார்டர், "என்னப்பா, எங்கயும் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா அன்று கறி எடுத்துச் சமைத்து, இருட்டும்வரை பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார்.

கோபத்தில் எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.
சிவசாமி


நெடுங்கரைப்பட்டி
26-05-2025

அன்புத் தம்பிக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நாங்கள் நலம்.

உன் கேள்வி நியாயமானது. மறைக்க இதில் ஒன்றும் இல்லை. புறப்படும் முன் பூசாரி கண்ணுசாமியைக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டோம்.

"படம்னா போயிட்டு வாங்கப்பா. வருசம் பொறந்துருக்கு. வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஊருக்குள்ள வந்துருங்க, ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா கோர்ட்டு, டேசன், செயிலு பக்கம் மட்டும் போயிறாதீங்க. தீட்டு" என்றார்.

"செயிலைத் தாண்டித்தானே சாமி தியேட்டருக்குப் போகணும்?" என்று அய்யாக்கண்ணு கேட்டான்.

"அங்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போங்க."

அப்படியே போனோம். வண்டியை ஓட்டியவன் நான். மூவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விரதத்தில் எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை.

ரசிகர்களில் ஒரு வகையினர் உண்டு. முதல் பாகத்தில் இடது கையில் இருந்த கடிகாரம் இரண்டாம் பாகத்தில் வலது கையில் இருக்கிறதே என்பார்கள். தேதி பார்த்து ஓட்டை தேட ஆரம்பித்தால் எந்தப் படமும் நிற்காது. படத்தோடு ஒன்றிப் போக வேண்டும். நீ அப்படித்தான் பார்ப்பாய். உள்ளே போன பிறகு மாறியிருக்கிறாய்.

அடைக்கலத்தின் கல்யாணம் சிறப்பாக முடிந்தது. பெண் சத்யபிரியா நல்ல குணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மூவரும் கறுப்புக் கண்ணாடி போட்டு, புகைக்குள்ளிருந்து நடந்து வந்தோம். நான்காவதாக ஓர் ஆள் இருந்தால் படம் நிறையும் என்றார் வீடியோக்காரர். பெண்ணின் தம்பியை நிறுத்தினோம். உயரம் சரியாக இருந்தது. பந்திச் சாமான் முழுவதும் உன் வண்டியில்தான் ஏற்றினோம். உன் கல்யாணத்துக்கும் நாங்கள் இப்படியே செய்வோம்.

அடுத்த வாரம் வேலையில் சேருகிறேன். இளநிலை உதவியாளர். திருமயத்துக்குத் தினமும் பஸ்.

ஆசிகளுடன்,
ஆனந்தராஜ்


சிறை, புதுக்கோட்டை
30-06-2025

ஆனந்தராஜ் அண்ணனுக்கு,

குற்றப்பத்திரிகையின் நகலைக் கொடுத்தார்கள். எழுபத்திரண்டு பக்கம். சாட்சிகள் பட்டியல் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் சாட்சி, கால் உடைந்த பெரியகருப்பன். இரண்டாவது நீங்கள். மூன்றாவது அடைக்கலம். நான்காவது அய்யாக்கண்ணு.

"எதிரி சிவசாமி இரும்புக் கம்பியால் தாக்கியதை நான் நேரில் பார்த்தேன்." மூன்று வாக்குமூலத்திலும் இந்த வாக்கியம் ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது. தேதி ஜனவரி 19. நான் முன்னால் வந்தது 18. நான் உள்ளே முதல் சோறு சாப்பிடும் முன்பே நீங்கள் மூவரும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி முடித்திருக்கிறீர்கள்.

சட்ட உதவி வக்கீல் அருணாவிடம் உங்களைக் கேட்காமலே பேசினேன். ஜாமீன் போட இவர்கள் ஏன் வரவில்லை என்று நான் ஐந்து மாதமாக யோசிப்பதைச் சொன்னேன். "ஒங்களுக்கு எதிரா சாட்சி சொல்றவங்க எப்படிங்க ஒங்களுக்கே ஜாமீன் நிப்பாங்க? யாரும் சொல்லலையா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிப்ரவரியிலேயே கேட்டிருந்தால் மார்ச்சில் வெளியே போயிருக்கலாமாம். இப்போது மனுப் போட்டிருக்கிறார். நேரில் பார்த்த சாட்சிகள் மூன்று பேர், அதுவும் சொந்தப் பங்காளிகள் என்பதால் விடுவது கஷ்டம் என்கிறார். வழக்கிலிருந்து தப்புவதும் அதே அளவு கஷ்டம்தானாம்.

அண்ணா, கம்பி உங்கள் கையில் இருந்தது. இதைப் படித்துவிட்டு அனுப்புகிறவர்களும் படிக்கட்டும். நான் முன்னால் வந்தது நானாகத்தான். அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் ஒதுங்கி நின்றிருந்தால்கூட எனக்குப் போதும். ஒன்று மட்டும் கேட்கிறேன். கூண்டில் ஏறியதும் உண்மையைச் சொல்வீர்களா? மூவரும் வேண்டாம். ஒருவர் சொன்னால் போதும்.

பதில் எழுதுங்கள். படத்தைப் பற்றி எழுத வேண்டாம்.
சிவசாமி


நெடுங்கரைப்பட்டி
16-08-2025

அன்புத் தம்பி சிவசாமிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சளி முழுவதும் போய்விட்டதா? அப்பா இப்போது கம்பு ஊன்றாமல் கடை வரைக்கும் நடக்கிறார்.

உன் கடிதம் தபாலில் நனைந்து வந்தது. மை கலைந்து, பெரும்பகுதி படிக்க முடியாமல் போய்விட்டது. படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்ற கடைசி வரி மட்டும் தெளிவாக இருந்தது. ஆகவே எழுதவில்லை.

அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கிறேன். பொன்னமராவதி பஸ் மட்டும் சமயத்துக்கு வருவதில்லை. உன் மனு தள்ளுபடியானதைக் கேள்விப்பட்டு வருந்தினோம். அந்த வக்கீலம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவர் வெளியாள்.

சின்னம்மா எங்களோடு பேசுவதில்லை. அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு வந்தோம். மறுநாள் அது எங்கள் வாசலில் இருந்தது. அந்த வயதில் எப்படித் தூக்கினார் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

எங்கள் மூவருக்கும் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. இம்மாதம் 26, செவ்வாய்க்கிழமை. அய்யாக்கண்ணு சிங்கப்பூர்ப் பயணத்தையே ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டான். அடைக்கலம் மாமனார் வீட்டு விருந்துக்குப் போகவில்லை. எனக்கு விடுப்பு எடுக்க உரிமை வரவில்லை. இருந்தாலும் மேலதிகாரியிடம் சம்மனைக் காட்டிக் கேட்டதும் கொடுத்துவிட்டார். மூவரும் இரண்டு முறை கூடி உட்கார்ந்து பேசிவிட்டோம். யார் எதைக் கேட்டாலும் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் மாறாகச் சொல்லமாட்டோம்.

உன்னைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. அன்றைக்காவது பார்க்கலாம் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. நன்றாகச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். பத்து மணிக்கெல்லாம் மூவரும் கோர்ட்டில் இருப்போம்.

மாறாத பாசத்துடன்,
உன் அண்ணன்
ஆனந்தராஜ்